ஒட்டிப்போன தோல்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசமும் உண்டு. ஆனால் அது பின்னால்தான் வரும், அதுவும் வேண்டா வெறுப்பாக. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வரிசை மாறவில்லை.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற வழியில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டிக்குத் தலைமை. நான் அதே கம்பெனியில், எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு, பையர் என்போம், மெயில் எழுதும் வேலையில் இருந்தேன். எங்கள் இருவர் மேஜைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. தையல் லைனில் இருக்கும் பெண்கள் முதல் ஜி.எம். வரை எல்லோருக்கும் அவர் மேடம்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஐம்பதைத் தொட்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலங்காயத்துப் பக்கம் அண்ணன் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போவார்.

"பேப்பர்ல இன்னா இருக்குது?" அவர் பேச்சில் பாதி இதுதான். பையர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு வேலை. தையல் இடைவெளி ஒரு நூல் அகலம் தள்ளியிருந்தால் ஷூ திரும்பிப் போகும். "கண்ணுக்கே தெரியல மேடம்" என்று லைன் சூப்பர்வைசர் அழாத குறையாகச் சொல்வார். "எனக்குத் தெரியுது" என்பார். அதற்குமேல் ஒரு சொல் பேச மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். உயர்த்தியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

இது ஷூவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேண்டீன் போர்டில் சாம்பார் என்று எழுதிவிட்டுக் காரக்குழம்பு ஊற்றினால், கேண்டீன்காரரைக் கூப்பிட்டு போர்டைத் திருத்தச் சொல்வார். திருத்தும்வரை தட்டை நீட்ட மாட்டார். பின்னால் பசியோடு ஒரு வரிசையே நிற்கும். என் மெயில்களையும் விடமாட்டார். குவாலிட்டி சம்பந்தமாக எதை எழுதினாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று ஜி.எம். என்றைக்கோ சொல்லிவைத்திருந்தார். ஒருமுறை, கூடிய சீக்கிரம் மாதிரி ஷூக்களை அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தேன். "சீக்கிரம்னா எப்போ தேவி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னு எழுது. இல்லன்னா தேதி போடு. சீக்கிரம்னு ஒரு தேதி கெடையாது." வெளிநாட்டுக்காரனிடம் எங்கள் ஷூ எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது என எழுத முடியுமா? அன்றைக்கு மத்தியானம் வரை அந்த மெயில் போகவில்லை. எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அவர் மேல் ஒட்டிக்கொண்ட அந்த ஆங்கில வார்த்தை வந்து சேர்ந்ததும் இப்படி ஒரு மெயிலில்தான்.

குழந்தைகள் ஷூ வாங்கும் ஒரு பையரின் ஆள் எங்கள் கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார். உயரமான, சிரித்த முகமுள்ள மனிதர். ஒவ்வொரு ஜோடியையும் மேடம் சோதிப்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தேவையில்லை, பெட்டிக்குச் சிலதை எடுத்துப் பார்த்தால் போதும், நேரம் மிச்சமாகும் என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். மேடம் தன் ஃபைலைத் திறந்து, எல்லா ஜோடியும் பார்க்கப்பட வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்த வரியைக் காட்டினார். அதெல்லாம் பழசு என்றார் அவர். "புதுசு எழுதி அனுப்பச் சொல்லு, அப்படியே பண்றேன்" என்றார் மேடம். அவர் இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். மேடம் இரண்டு தடவையும் அதே பக்கத்தைக் காட்டினார்.

ஊருக்குப் போய் அவர் ஒரு நன்றி மெயில் போட்டார். சாப்பாடு பிரமாதம், பெண்களின் கைத்திறமை பிரமாதம், உங்கள் குவாலிட்டி அம்மையார் மட்டும் கொஞ்சம் ஹைட்பவுண்ட் என்று எழுதியிருந்தார்.

எங்கள் ஊரில் ஹைட் என்றால் மாட்டுத் தோல் என்று பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். பவுண்ட் என்றால் கட்டப்பட்டது. ஜி.எம். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். தோலோடு கட்டுண்டவர், தோலே கதி என்று இருப்பவர். வெள்ளைக்காரன் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான் என்று பூரித்துப் போனார். அக்கவுண்ட்ஸில் இருந்த பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய காலத்தில் கனமான புத்தகங்களுக்குத் தோல் அட்டை போடுவார்கள், அதைத்தான் சொல்கிறான், மேடம் ஒரு புத்தகம் மாதிரி என்கிறான் என்றார். இரண்டில் எது என்று டீ நேரத்தில் ஆபீஸே பேசிக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. பாராட்டுக்கு நடுவில் "மட்டும் கொஞ்சம்" எதற்கு வருகிறது? போனில் தேடினேன். பழைய வழக்கத்தை விட்டு நகர மறுக்கிற, மனம் குறுகிய ஆள் என்று இருந்தது. ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அதற்குள் காலை மீட்டிங்கில் மைக் பிடித்துச் சொல்லியாகிவிட்டது. "விடும்மா, நல்ல வார்த்தையாதான இருக்குது" என்றார். ஆயுத பூஜை அன்றைக்குப் பூசணிக்காய் உடைத்து முடித்ததும் மேடத்தைக் கூப்பிட்டு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். பொன்னிற எழுத்தில் அந்த ஆங்கில வார்த்தை, அதற்குக் கீழே சிறந்த குவாலிட்டி அதிகாரி என்று தமிழில். பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது?

மறுநாளே மேடத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவரை வைத்து ஊரே சிரிக்கும் நாள் ஒன்று வரும், அன்றைக்கு நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போனை வாங்கி மெதுவாகப் படித்தார். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை.

"பழைய வழக்கத்தை விடாதவங்கன்னு போட்டிருக்குது. வழக்கம்னா நாமளா வெச்சுக்கறது. நான் பாத்தது அவங்க எழுதிக் குடுத்தத. இது தப்பான வார்த்தை."

"தப்பு வார்த்தையில இல்ல மேடம். உங்களைப் பத்தி அவருக்கு அப்படி ஒரு அபிப்பிராயம்."

"அப்போ அபிப்பிராயம் தப்பு" என்று சொல்லிவிட்டு ஷீல்டை எடுத்துக்கொண்டு போய் ஜி.எம். மேஜையில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் பியூன் அதைத் திரும்ப இவர் மேஜையில் வைத்தான். மறுநாள் காலை அது மறுபடியும் ஜி.எம். மேஜைக்குப் போனது. கொஞ்ச நாள் இப்படியே போக வரவாக இருந்து, கடைசியில் ஜி.எம். அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஷீல்டைக்கூட நிம்மதியாக வைக்க இடமில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

விமலா என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அதே கம்பெனியில் தையல் லைனில் வேலை. மெயின் ரோட்டுக்கு உள்பக்கம், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். அந்தத் தெருவிலிருந்தே அந்த லைனுக்குப் பாதிப் பேர் போனார்கள். மேலே சொன்ன அந்தக் குழந்தைகள் ஷூ பையரின் ஆர்டர்தான் அந்த லைனில் ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்மெண்டுக்கு முந்தைய நாள், விமலாவின் மிஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது தினமும் நடப்பதுதான். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது ஷூவுக்குள் போயிருக்கலாம், குழந்தையின் காலில் ஏறலாம். அதற்காக அந்தப் பையரே எழுதிக் கொடுத்த விதி அது. விமலாவுக்கு மேல் துண்டு கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. எள்ளளவு இருக்கும். அவள் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய ஊசி முனை ஒன்றை ஒட்டிக் காட்டியிருக்கலாம், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. இவள் நேராக மேடத்திடம் போய் முனையைக் காணோம் என்று சொல்லிவிட்டாள்.

மேடம் லைனை நிறுத்தினார். காந்தத்தைக் குச்சியில் கட்டிக்கொண்டு தரை முழுக்கத் துழாவினார்கள். மிஷினைக் கழற்றினார்கள். விமலா தன் புடவைக் கொசுவத்தைக்கூட உதறிப் பார்த்தாள். அதற்குள் அவள் தைத்தவை மற்றவற்றோடு கலந்து, பக்கிள் மாட்டும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டன. பக்கிள் இரும்பு. மெட்டல் டிடெக்டரில் விட்டால் எல்லா ஷூவுக்கும் கத்துகிறது. எதில் முனை இருக்கிறது, எதில் இல்லை என்று மிஷினால் சொல்ல முடியாது. உள்பக்கத்து லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தால் அது ஷூவாக இருக்காது.

வெளியே கண்டெய்னர் லாரி நின்றது. ஜி.எம். வந்து கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். கையால் அழுத்திப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றார். முனை பெரும்பாலும் தரையில்தான் எங்கேயாவது போயிருக்கும் என்றார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டிகள் மீது சிவப்பு மார்க்கரால் ஹோல்டு, அதாவது நிறுத்தி வை, என்று எழுதிய தாளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனார். லாரி காலியாகத் திரும்பியது.

அந்த வாரத்திலேயே மேடத்தை லீவில் போகச் சொல்லிவிட்டார்கள். லைனில் இருந்த பெண்களை, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார்கள். எங்கள் தெருவில் காலையில் சிட்டாகப் பறக்கும் பெண்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். மேடத்தைத் திட்டினார்கள். திட்டுவதற்கு மேடம் எதிரில் இல்லை, விமலா இருந்தாள். ஊசியை உடைத்தவள், வாயை மூடிக்கொண்டு இல்லாதவள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி இவள் காதுபடவே, ஊருக்கு நல்லவளாகப் போய் எங்கள் வயிற்றில் அடித்தாள் என்றாளாம். விமலா என்னிடம் வந்து அழவில்லை. "இன்னா அண்ணி தப்பு பண்ணேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஆர்டரைத் தொடரலாம், ஆனால் விதிப்படி சான்று வேண்டும், ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்ததாகக் குவாலிட்டி தலைமை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று. ஒப்பந்தத்தில் இருப்பது மேடத்தின் பெயர். வேறு யார் போட்டாலும் செல்லாது. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். முனை பிறகு கிடைத்தது என்று ஒரே ஒரு வரி டைப் செய்து என் கையில் கொடுத்தார். "உன் பேச்சைக் கேப்பாங்க. லைனை நாளைக்கே ஓட்டிடலாம்" என்றார். பொய்க் கையெழுத்து வாங்கப் போகிறோம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விமலாவின் முகம் கண் முன்னால் நின்றது. வாணியம்பாடி போய் ஆலங்காயம் பஸ் ஏறினேன்.

மேடத்தின் அண்ணன் வீடு ஊருக்கு வெளியே, மலை தெரிகிற பக்கம். நான் போனபோது அவர் மாட்டுக் கொட்டகையில் ஒரு பசுவின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பிடித்து வந்த மாடாம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கால்நடை டாக்டர் ஒருவர், சின்ன வயசுக்காரர், அதன் விலாவில் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார். தோல் எழும்பவே இல்லை, பலகையில் ஒட்டிய காகிதம் மாதிரி இருந்தது.

"ஹைட்பவுண்ட் ஆயிருக்குதும்மா" என்றார் டாக்டர்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னா சொன்னீங்க?" என்று டாக்டரிடம் கேட்டார்.

டாக்டர் விளக்கினார். இது தனியாக ஒரு நோய் இல்லை. நல்ல மாட்டுக்குத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் கொழுப்பு இருக்கும், பிடித்து இழுத்தால் தோல் தளர்ந்து வரும். ரொம்ப நாள் பட்டினி போட்டாலோ, வயிற்றில் பூச்சி வைத்தாலோ அந்தக் கொழுப்பெல்லாம் கரைந்து, தோல் போய் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மாட்டால் சரியாகத் திரும்பக்கூட முடியாது. "அதுவா பண்ணிக்கறது இல்ல. வளத்தவங்க பண்றது. தீனி போட்டா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கும்" என்றார். ஊசி போட்டுவிட்டு, பூச்சி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போனை எடுத்து மறுபடியும் தேடினேன். முதல் தடவை அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். இப்போது கீழே வரை படித்தேன். டாக்டர் சொன்னதுதான் அந்தச் சொல்லின் ஆரம்பம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலம் பேசுகிற ஊர் மாட்டுக்காரர்கள் பட்டினி கிடந்த மாட்டைச் சொன்ன வார்த்தை. அப்புறம் பட்டை இறுகிப்போய்ப் பருக்க முடியாமல் நிற்கிற மரத்துக்குச் சொன்னார்கள். கையிலிருந்து எதுவும் விடாத கஞ்சனுக்கும் சொன்னார்களாம். அதற்குப் பிறகுதான் மனசு இறுகின ஆளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. புத்தக அட்டையும் இல்லை, தோல் மேல் பக்தியும் இல்லை. படித்துச் சொன்னேன்.

மேடம் பசுவின் விலாவில் கையை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி மாட்டுத் தோல் கட்டிங் டேபிளுக்கு வந்திருக்குது தேவி. எலும்பு வரி விழுந்திருக்கும். ரிஜெக்ட்ல போடுவோம்." கயிற்றை முளையில் கட்டினார். "அந்த ஆளுக்கு இது தெரிஞ்சிருக்காது. நாலு பேர் சொல்ற வார்த்தையை அவனும் சொல்லியிருப்பான். அவன் மேல தப்பு இல்ல."

அவர் அப்படி ஒருவருக்கு விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. இதுதான் நேரம் என்று பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். படித்தார். மடித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"முனை கெடைச்சுதா?"

"இல்ல மேடம்."

"கெடைச்சுதுன்னு எழுதியிருக்குது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அங்கேயே, மாட்டுக்கு முன்னால் நின்று கத்தினேன். ஒரு லைன் முழுக்கப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். விமலாவைத் தெருவில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், உங்களிடம் உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது இதுதான் என்றேன். அந்த முனை தரை இடுக்கில் எங்கேயாவது கிடக்கும், ஷூவுக்குள் போகவே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம்" என்றார்.

"அப்போ எதுக்காக மேடம் இத்தனையும்?"

"இருக்கலாம் தான. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி ஒட்டினேன். வேற ஒண்ணும் பண்ணல."

விமலாவைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அதற்குப் பிறகு தனியாகக் கேட்டார். சொன்னேன். யார் யார் என்று கேட்டார். அந்த லைனில் இருந்தவர்கள் வீடு எங்கே எங்கே என்றும் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் இல்லை. டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டினி கிடந்த மாடு என்று நினைத்தபோது கொஞ்சம் இளகியது. இந்த மனுஷியை யார் பட்டினி போட்டது, எதற்குப் பட்டினி போட்டது என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் தன்னைப் பற்றி எதையும் என்னிடம் சொன்னதில்லை. கொட்டகை ஓரத்தில் அவர் கட்டில் ஒன்று தனியாகக் கிடந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விமலாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்ததும் அந்த இளக்கமும் போய்விட்டது.

பையர் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார். லைனை மூடிவிட்டார்கள். சில பெண்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போனார்கள், சிலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். விமலா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, இருட்டோடு எழுந்து பஸ் பிடித்துப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமலா வீட்டு வாசலில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். தண்ணீர்க் குழாயடியில் விமலாவைக் கரித்துக்கொட்டினவளே அன்றைக்குக் காலையில் தானாக வந்து, கொஞ்சம் கொத்தமல்லி கிடைக்குமா என்று இவளிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். ஏன் திடீரென்று என்று எங்களுக்குப் புரியவில்லை. பதினோரு மணி வெயிலில் மேடம் தெருவில் நடந்து வந்தார். குடை இல்லை. முகம் கறுத்துப் போயிருந்தது.

பிறகுதான் தெரிந்தது, அவர் கொஞ்ச நாளாகவே அந்தக் கட்டாய லீவில் இருந்தபடியே ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று. அந்த லைனில் வேலை போன எல்லோர் வீட்டுக்கும். வாசலில் நின்று ஒரே விஷயத்தைச் சொல்வாராம். லைனை நிறுத்தியது நான், விமலா இல்லை. அவள் சொல்லாமல் இருந்தாலும் என் கண்ணில் பட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். ஒரு வீட்டில் மாமியார்க்காரி வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டு மோர் கொடுத்தாளாம்.

விமலாவிடமும் அதையே சொன்னார். ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லாமல், மனப்பாடம் மாதிரி. விமலா கீரை முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா, இப்படி வெயில்ல வீடு வீடா சுத்த வேண்டிய வேலையே உங்களுக்கு இல்லியே மேடம்."

"ஆமா" என்றார் அவர்.

சொல்லியும் சொல்லாமலும் விமலாவுக்குள் இருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு ஆமா வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மேடம் நின்றபடியே குடித்தார்.

"தேவி, நிறுத்தி வெச்ச அந்த லாட்டை இன்னா பண்ணாங்க?" என்று என்னிடம் கேட்டார். பிரித்துப் பார்த்தார்களா, எரித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்பது புரிந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவரிடம் எதையும் பூசி மெழுகிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது.

"வித்துட்டாங்க மேடம். ஒரு வியாபாரி மொத்தமா எடுத்துக்கிட்டாரு."

"எங்க?"

"தெரியாது. இங்கதான், நம்ம பக்கம்தான் எங்கயாவது போட்டு வித்திருப்பாரு."

"பெட்டி மேல ஹோல்டுன்னு ஒட்டியிருந்தனே."

"அதைப் பிச்சுட்டுதான் மேடம் ஏத்தினாங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கேயும் உட்கார மறுத்து, எந்த வீட்டுக்குள்ளும் போக மறுத்து வந்த மனுஷி, சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் விமலா மகளின் பள்ளிக்கூட ஷூ கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, உள்ளே விரலை விட்டு, லைனிங் ஓரமாகத் தையலைத் தொட்டுத் தொட்டுக் கொண்டே போனார். குதிகால் பக்கம், விரல் பக்கம், மறுபடி குதிகால்.

"மேடம், அது பஜார்ல வாங்கினது. நம்ம கம்பெனி இல்ல" என்றாள் விமலா.

அவர் தலையாட்டினார். அந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு, அதன் ஜோடியை எடுத்தார்.